பாதியில் நின்ற கோடு

மார்ச் 3

தம்பி,

கடிதத்தைப் பார்த்ததும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பதறாதே. எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம். வழக்கு விஷயமாகப் போனில் மூச்சு விடக்கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவும் போக, நீ என் போனை எடுத்துத்தான் எவ்வளவு நாளாயிற்று. நவம்பரில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன், ஊரையே மாற்றிக்கொண்டு போய்விட்டாய்.

அன்றைக்கு நீயும் உன் அத்தானும் ராசியாக வேண்டும் என்றுதான் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தேன். இருவருமே லேட். நீ ஏரிக்கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்றாய். அவர் வந்ததிலிருந்தே முகம் சரியில்லை, சோற்றில் கையை வைத்துக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "வானத்துக்குச் சாயம் பூசறதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். உனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மிச்சம் உனக்கே தெரியும்.

மறுநாள் விடிகாலையில் ஏரிக்கு மேலே போகும் மலைச்சாலையைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர் இடிந்ததும், ரொட்டி வேன் ஓட்டிப் போனவர் அதோடு சரிந்து இறந்ததும் பேப்பரில் படித்திருப்பாய். அந்தச் சாலைக்கு மேற்பார்வையாளர் உன் அத்தான் என்று பேப்பரில் போடவில்லை. முந்தின நாள் மாலை ஜீப்பில் அந்த வழியாகப் போனதாகவும், சுவரில் விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை என்றும் அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ராத்திரி மழையில்தான் விட்டிருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு, விசாரணை முடிகிற நேரம்.

அப்போதுதான் உன் படம் வந்தது. உனக்குப் பரிசு வாங்கித் தந்த அதே படம், 'கடைசி மாலை'. அதை ஒரு மருந்துக் கம்பெனி, சுவர் இடிவதற்கு முந்தின நாள் தேதியோடு காலண்டரில் போட்டிருக்கிறது. வேன்காரரின் மனைவி மருந்துக் கடையில் அதைப் பார்த்துவிட்டாள். சாலைக்குக் கீழே சுவரில் மேலிருந்து கருப்பாக ஒரு கோடு இறங்குகிறது. கடைக்காரரிடம் கெஞ்சி அந்தத் தாளைக் கிழித்து வாங்கி, நேரே விசாரணை அதிகாரியின் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

இப்போது கேள்வி ஒன்றுதான். உன் அத்தான் அந்த விரிசலைப் பார்த்தாரா, இல்லையா. பார்த்தும் ரோட்டை மூடவில்லை என்றால் வேலை போவது மட்டும் இல்லை, கிரிமினல் கேசு, ஜெயில். நீ செய்ய வேண்டியது சின்ன வேலை. அந்தக் கோடு கம்ப்யூட்டரில் வந்தது, சுவரில் இருந்ததில்லை என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. விசாரணை ஏப்ரல் முதல் வாரம்.

அவர் மேல் உனக்கு ஆயிரம் கோபம் இருக்கட்டும். கேட்பது நான்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

கடிதம் கிடைத்தது. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் நிஜமாகவே பதறிவிட்டேன். நீ கடைசியாக எனக்குக் கடிதம் எழுதியது நான் ஹாஸ்டலில் இருந்தபோது, தினமும் குளிக்கச் சொல்லி.

நீ கேட்டதை எழுதுவதற்கு முன்னால் அந்தப் படம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சாயங்காலத்தில் வானம் பளபளவென்று இருக்கும், மலை இருட்டில் கிடக்கும். கேமராவால் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. வானத்துக்குச் சரியாக வைத்தால் மலை கரியாகிவிடும், மலைக்குச் சரியாக வைத்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியை அடுத்தடுத்து மூன்று விதமாக எடுப்பேன். ஒன்று நடுத்தரமாக, ஒன்று இருட்டாக, ஒன்று நல்ல வெளிச்சமாக. பிறகு மூன்றிலும் நன்றாக விழுந்த பகுதிகளைச் சேர்த்து ஒரே படமாக்குவேன். எச்டிஆர் என்பது இதுதான். அத்தான் சாயம் என்று சொன்னதும் இதைத்தான்.

இப்படிச் சேர்க்கும்போது நிழலில் இருப்பது மேலே வரும். ஓரங்கள் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். ஒரு ஈரத் தடம்கூட அழுத்தமான கோடாகத் தெரியலாம். 'தெரியலாம்' என்றுதான் என்னால் சொல்ல முடியும், அக்கா. 'இல்லவே இல்லை' என்று எப்படி எழுதுவது?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தப் போட்டியில் ஒரே ஷாட்டில் எடுத்த படம்தான் அனுப்ப வேண்டும் என்று விதி. நான் அனுப்பியது மூன்றைச் சேர்த்தது. எழுதிக் கொடுத்தால் பரிசு போகும். பரிசைப் பார்த்துத்தான் இந்த டிராவல்ஸ் கம்பெனியில் என்னைச் சேர்த்தார்கள், அதுவும் போகும். கொஞ்சம் யோசிக்க விடு.

அத்தான் எப்படி இருக்கிறார்? அன்று அந்தப் பக்கம் போனபோது ஜீப்பை விட்டு இறங்கினாரா? சும்மாதான் கேட்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

தம்பி


மார்ச் 12

தம்பி,

யோசிக்க விட வேண்டுமாம். இங்கே ஒரு மனுஷன் தூங்கிப் பல நாளாகிறது. ஷேவ் செய்வதில்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். லேபில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் நான் வந்ததும் பேச்சை மாற்றுகிறார்கள். நீ பரிசைப் பற்றி எழுதுகிறாய்.

உனக்கு முதல் கேமரா வாங்க என் வளையலை அடகு வைத்தது நினைவிருக்கிறதா? சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லிக்காட்டுகிறேன். நன்றாக உறைக்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில், அவர் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. எழுதிக் கொடுத்ததும் அப்படித்தான். என்னிடம் சொன்னதும் அப்படித்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வக்கீல் போட்டோ விஷயம் தெரிந்த ஒருவரை வைத்துக் காலண்டரைப் பார்த்திருக்கிறார். அந்தக் கோடு ரோட்டோரத்தில் ஆரம்பித்து நேராக இறங்குகிறது. ஆனால் சுவரின் அடிவரைக்கும் போகவில்லை. கத்தரித்த மாதிரி பாதியில் நின்றுவிடுகிறது. நிஜ விரிசல் அப்படி நிற்காது, ஆகவே இது கம்ப்யூட்டர் செய்த கோளாறுதான் என்று அவர் அடித்துச் சொல்கிறார். வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். இதை நிரூபிக்க அந்த மூன்று ஒரிஜினலும் வேண்டுமாம். நீ எதுவும் எழுத வேண்டாம், உன் பரிசை நீயே வைத்துக்கொள். மூன்று படத்தையும் அனுப்பினால் போதும். ஒரு வாரத்துக்குள் வர வேண்டும்.

அக்கா


மார்ச் 16

அக்கா,

நீ கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். 'படத்தில் தெரியும் கோடு மூன்று ஷாட்களைச் சேர்த்தபோது உண்டானது. சுவரில் அப்படி எதுவும் இருந்ததில்லை.' உன் வக்கீலுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பரிசு போனால் போகட்டும். வேலையும் போகட்டும், வேறு பார்த்துக்கொள்கிறேன்.

ஒரிஜினல் மட்டும் கேட்காதே. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. இங்கே குடிவந்தபோது மூட்டை இறக்கியவர் கீழே போட்டுவிட்டார். ரிப்பேர் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார்.

இந்தத் தாளைக் கொடுத்துக் கேசை முடித்துக்கொள்ளுங்கள். அத்தானிடம் நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம். உனக்குக் கோடிப் புண்ணியம், இதை இத்தோடு விடு.

தம்பி


மார்ச் 20

தம்பி,

உன் தாள் என் அலமாரியில் புடவைக்கு அடியில் இருக்கிறது. வக்கீலிடம் கொடுக்கவில்லை.

முந்தின கடிதத்தில் பரிசு போகும், வேலை போகும் என்று மூக்கால் அழுதவன், கேட்டது ஒரிஜினல் என்றதும் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கிறாய். யாருக்குக் காது குத்துகிறாய்? டிஸ்க் உடைந்துவிட்டதாம். என் கல்யாணத்தில் நீ எடுத்து ஆடிப்போன படங்களைக்கூட மூன்று இடத்தில் பத்திரப்படுத்தி வைத்திருப்பவன் நீ. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். நீ பொய் சொன்னால் எழுத்து சின்னதாகிவிடும். ஹாஸ்டல் கடிதத்திலும் அப்படித்தான்.

என்ன இருக்கிறது அந்தப் படத்தில்? மனதில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன். அவரை என்றைக்காவது மாட்டிவிட ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாயா? அவர் உன்னைப் பேசிய பேச்சுக்குப் பழி வாங்குகிறாயா? அப்படி இருந்தால் இத்தோடு நமக்குள் எதுவும் இல்லை. அக்கா செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்.

இன்னொன்று. போன திங்கள் வக்கீலோடு விசாரணை ஆபீசுக்குப் போயிருந்தபோது தண்ணீர் பிடிக்கப் போனேன். வேன்காரரின் மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தாள். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. ஏதோ ஒரு பெண் என்று பேச ஆரம்பித்துவிட்டாள். "எனக்கு யாரும் ஜெயிலுக்குப் போக வேணாங்க. அந்த ஆபீசர் பாத்தாரா இல்லையான்னு மட்டும் தெரியணும். தெரியாம தூக்கமே வர மாட்டேங்குது" என்றாள். நான் பாட்டிலை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

நான் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடு பார்க்கிறவள். வெளிச்சத்தைக் கூட்டினால் இல்லாத கிருமி வராது, இருக்கிறதுதான் தெரியும். உன் எச்டிஆரும் அப்படித்தான் என்று உன் முதல் கடிதத்திலேயே புரிந்துவிட்டது. புரியாதது போல இருந்தேன். இனி முடியாது. அனுப்பு.

அக்கா


மார்ச் 24

அக்கா,

பழி வாங்குகிறேனா என்று கேட்டுவிட்டாய். அந்த வரியைப் படித்துவிட்டு அரை நாள் வேலைக்குப் போகவில்லை. அப்படி இருந்திருந்தால் இது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

ஒரிஜினல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். கவரைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு. தனியாக இருக்கும்போது பிரி.

நடு ஷாட்டில் சுவர் முழுக்க நிழல், விரிசல் தெரியாது. இருட்டு ஷாட்டில் வானம் மட்டும்தான். வெளிச்ச ஷாட் கேமராவின் கண்ணை நாலு விநாடி திறந்து வைத்து எடுத்தது. அதில் சுவர் தெளிவாகத் தெரியும். விரிசல் மேலிருந்து அடிவரைக்கும் முழுசாக இருக்கிறது. அதன் அடியில் ஆரஞ்சு நிறச் சட்டையோடு ஒருவர் நிற்கிறார். நடு ஷாட் எடுத்தபோது அவர் அங்கே இல்லை. வெளிச்ச ஷாட்டுக்குள் வந்து நின்றுவிட்டார்.

ஷாட்டுக்கு ஷாட் அசைகிற எதையும் எங்கள் தொழிலில் பேய் என்போம். மேகம், மரக்கிளை, நடந்து போகும் ஆள், எல்லாமே பேய்தான். சேர்க்கும்போது அது அரைகுறையாகப் புகை மாதிரி தெரிந்து படத்தைக் கெடுக்கும். அதை நீக்க சாப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. ஆள் நிற்கும் இடத்தை மட்டும் நடு ஷாட்டிலிருந்து எடுத்து ஒட்டிவிடும். நான் படத்தைச் சேர்த்தபோது அவர் எனக்கு ஒரு ஆரஞ்சுப் புள்ளிதான். யாரோ ரோட்டு வேலைக்காரர், என் மலையில் ஆள் எதற்கு என்று நீக்கிவிட்டேன். அவரோடு அவருக்குப் பின்னால் இருந்த விரிசலின் கீழ்ப்பாதியும் இருட்டுக்குள் போய்விட்டது. கோடு பாதியில் நிற்பது அதனால்தான். உன் வக்கீலின் ஆள் கண்டுபிடித்த கோளாறு ஒரு மனுஷன் நின்ற இடம்.

உன் முதல் கடிதம் வந்த பிறகுதான் ஒரிஜினலைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்கிறார் அத்தான். யோசிக்கும்போது எப்படி நிற்பாரோ அப்படியே. இன்னொரு கை முழங்கை வரைக்கும் விரிசலுக்குள் இருக்கிறது.

மேலே ரோட்டோரத்தில் அவருடைய ஜீப். அடுத்து எடுத்த மூன்று ஷாட்டில் அவர் ஜீப்புக்குப் பக்கத்தில் நிற்கிறார். போன் காதில் இருக்கிறது. முகம் கீழே சுவரைப் பார்த்து இருக்கிறது. அதற்குப் பிறகு நான் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். அரை மணி கழித்து நாங்கள் இருவரும் உன் மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம்.

போட்டி விதி என்று நான் எழுதியது பொய். அப்படி ஒரு விதியே கிடையாது. நீ கையெழுத்துக் கேட்பதையே விட்டுவிட வேண்டும் என்று ஏதோ உளறினேன். அத்தான் மாட்டினால் மாட்டட்டும் என்று எனக்குள்ளும் ஒரு குரல் இருந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த வீட்டில் தினமும் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடப் போவது நீ. உனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். என்ன செய்யலாம் என்று நீ சொல். கிழித்துப் போடு என்றால் இங்கிருக்கும் ஒரிஜினலையும் அழித்துவிடுகிறேன், அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

தம்பி


மார்ச் 29

தம்பி,

தனியாக இருக்கும்போது பிரி என்றாய். லேபில் எல்லோரும் சாப்பிடப் போனதும் பிரித்தேன். பெரிதாக்கும் கண்ணாடி எதுவும் தேவைப்படவில்லை. அந்த முதுகை எனக்குத் தெரியாதா.

ஜீப் பக்கத்தில் காதில் போனோடு நிற்கிறாரே, அந்தப் போனைச் செய்தது நான்தான். "அவன் கிளம்பறானாம், நீங்க எங்க இருக்கீங்க, சாப்பாடு ஆறுது" என்று கத்தினேன். இதோ வர்றேன் என்றார். வந்தார். நீயும் நானும் அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தோம். அந்த மனுஷன் அந்த ஓட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறார்.

சாயங்காலம் படங்களை மேஜையில் வைத்தேன். வெகு நேரம் பார்த்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன், கத்துவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ஆரஞ்சுச் சட்டையின் மேல் விரலை வைத்து மூடினார். "ஒரு தடவை என்னை அழிச்சவன்தானே. இன்னொரு தடவை அழிக்கச் சொல்லு" என்றார். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தடுப்புப் பலகை எல்லாம் டிப்போவில் இருந்ததாம். போய் எடுத்து வந்து ரோட்டை மூட ஒரு மணி நேரம் ஆகுமாம். ஒரு ராத்திரி தாங்கும் என்று நினைத்தாராம். காலையில் முதல் வேலையாக மூடலாம் என்று இருந்தாராம். கடைசியில், "நீதானே திரும்பத் திரும்ப போன் பண்ணின" என்றார்.

தம்பி, அந்த வார்த்தை என்னை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்க விடவில்லை. ஆமாம், நான்தான் கூப்பிட்டேன். காலையில் எழுந்து அவரிடமே சொல்லிவிட்டேன். "சாப்பிடக் கூப்பிட்டது நான்தான். ஆனா ஓட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்தது நான் இல்ல."

நீ எதையும் அழிக்கக் கூடாது. ஆளையும் சரி, கோட்டையும் சரி. உன் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். அப்படி ஒரு பொய்யை உன்னிடம் கேட்டதற்கு என்னை மன்னித்துவிடு. அடுத்த வாரம் புதன்கிழமை விசாரணை. ஒரிஜினல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீ நேரில் வா. எப்படிச் சேர்த்தாய், எதை நீக்கினாய் என்று உனக்குத்தான் விளக்கத் தெரியும். அத்தானுக்குப் புதன்கிழமை வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறேன். நீங்களே போய்ச் சொன்னால் நானும் கூட வருகிறேன், இல்லையென்றால் தம்பியோடு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்கு நான் சமைக்கிறேன், அவர் சாப்பிடுகிறார். அந்த அளவில்தான் இருக்கிறது வீடு.

புதன்கிழமை வரைக்கும் பொறுக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. நேற்று லேபிலிருந்து நேராக வேன்காரர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். மாடியில் ஒற்றை அறை. கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பேசிய பெண் என்று அடையாளம் தெரிந்து, சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

"அந்த ஆபீசர் பாத்தார்" என்று மட்டும் சொன்னேன். "இறங்கிப் போய்க் கைய விட்டுப் பாத்தார்."

அவள் கையில் இருந்த ஈரத் துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு, நீங்க யாருங்க என்று கேட்டாள்.

சொன்னேன்.

அக்கா